பூஜ்யமாவது நாள்

ஏற்காட்டில் ஆவணி மாத மூடுபனி
கதவைத் தட்டிவிட்டு வராது.
அப்படித்தான் அதுவும் வந்தது,
ஈரத்தோடு, சீட்டு எழுதும் மேசைப் பக்கம்,
எடைக்கருவிக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு நாய்க்கு மட்டும் போதுமான இடத்துக்கு.

இடது காதில் பழைய கிழிசல்.
கழுத்தில் யாரோ கட்டி, யாரோ அறுத்த கயிறு.
வலி பொறுக்காமல் எவராவது முனகினால்
தலையைத் தூக்கிப் பார்க்கும்.
ஆறுதல் சொல்லுது பாருங்க என்பார் லேப் ஜெயசீலி.
எனக்கு அப்படித் தோன்றியதில்லை.
சத்தம் கேட்டது, பார்த்தது.

டாக்டர் மெர்லின் ஒத்துக்கொள்ளவே இல்லை.
"புண்ணோட வர்ற இடம் சிஸ்டர் இது.
பிள்ளை பெத்துக்க வர்ற இடம்.
நாளைக்குத் தொட்டில்ல ஒரு உண்ணி ஏறினா
நீங்க பதில் சொல்வீங்களா?"
மாட்டேன். அவர் சொன்னது சரி.
கட்டு மாற்றும் அறை வாசலில்
ஒரு ரோமத்தை நானே பொறுக்கியிருக்கிறேன்,
யாருக்கும் காட்டாமல்.

துப்புரவு அடைக்கலம் துடைப்பத்தோடு விரட்டுவார்.
முன்வாசலில் போனது பின்வாசலில் வரும்,
மருந்துப் பெட்டி இறக்குகிற ஆட்களோடு,
இண்டெண்ட் போட்டு வரவழைத்த மாதிரி.

அதுகூடப் பரவாயில்லை.
காலையில் இங்கே நாய்க்கடி ஊசிக்கு வரிசை.
பெஞ்சின் மேல் கடிபட்டவர்கள்,
பெஞ்சுக்கு அடியில் நாய்.
கால்கள் எல்லாம் மேலே ஏறிக்கொள்ளும்.

எஸ்டேட் பொன்னுருவியின் பையன் மோனிஷ்,
மூன்றாம் வகுப்பு, கெண்டைக்காலில் நாலு பல்,
கடித்தது பஸ் ஸ்டாண்டில், வேறொரு நாய்.
பூஜ்யமாவது நாள் அவன் போட்ட கூச்சலில்
இது தானே எழுந்து வெளியே போனது.
மூன்றாம் நாள் கேட்டைத் தாண்ட மறுத்தான்.
சேலைக்குள் அவன் முகம், மழைக்குள் அவன் அம்மா,
குடையோடு நான்.
ஏழாம் நாள், இரண்டு கையிலும் குத்தி முடித்ததும்
விசும்பலுக்கு நடுவே கேட்டான்:
"அதுக்கு ஊசி போட்டாச்சா?"

குளிர்பெட்டி நிறைய மருந்து.
கடிபட்டவருக்கு உண்டு.
கடிப்பவருக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம்,
வேறு இலாகா, வியாழன் மட்டும், பத்திலிருந்து ஒன்று.

வியாழனன்று பழைய துண்டில் சுற்றித் தூக்கினேன்.
பன்னிரண்டு வருஷம் பச்சைக் குழந்தைகளைத் தூக்கிய கை.
எங்கே தாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
நாய்க்குத் தெரியாதே.
டூரிஸ்ட் வேன் ஒன்று காதருகே ஹாரன் அடித்தது.
கட்டைவிரலுக்கு மேலே, ஆழமாக.

சோப்பு, ஓடுகிற தண்ணீர், பதினைந்து நிமிஷம்.
எத்தனை பேரிடம் ஒப்பித்திருப்பேன்.
இந்தக் குளிரில் ஏழாவது நிமிஷமே
விரல்கள் யாருடையவோ ஆகிவிடும் என்று
ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் பதிவேடு. பெயர், வயது, கடித்த இடம்.
கடித்த விலங்கு: வளர்ப்பு / தெரு.
பேனா அங்கே நின்றது.
மை ஊறி ஒரு புள்ளி பெரிதானது.

டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.
"கடிச்சதுக்கு இப்ப ஊசி போட மாட்டாங்க.
பத்து நாள் கண்காணிப்புல இருக்கணும்.
கண்ணுக்கு மறைவா விட்டுடாதீங்க."
எங்கே வைப்பது என்று எவரும் கேட்கவில்லை.
அடைக்கலம்தான், முணுமுணுத்துக்கொண்டே,
எடைக்கருவியை ஒரு சாண் நகர்த்தினார்.

இன்று எனக்கு மூன்றாம் நாள்.
பதிவேட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது,
ஜெயசீலியின் கையெழுத்தில்:
சாப்பிட்டது. தண்ணீர் குடித்தது. குரைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய டாக்டர்
குனிந்து படித்தார், கடைசிச் சொல்லை அடித்தார்.
"குரைத்தது. 3.10. என்னைப் பார்த்து"
என்று எழுதி
சுருக்கொப்பமும் போட்டுவிட்டுப் போனார்.